வேலை கொடுக்காமல் பயிற்சி கொடுப்பது எப்படி?

நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில், ஆழ்கடல் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பயிற்சி மேலாளராகச் சேர்ந்திருக்கிறீர்களா? வாழ்த்துகள். ஒலோய்பிரியில் 1956இல் எண்ணெய் கிடைத்ததிலிருந்து நைஜர் டெல்டாக்காரர்கள் வேலை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாலை மறியல் வரும். பயிற்சி கொடுங்கள். கீழே இருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் பழகிக்கொள்ளுங்கள்.

1. சட்டத்தை வரி விடாமல் படியுங்கள். வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு நைஜீரியரை வைத்து வேலை பழக்கச் சொல்கிறது 2010ஆம் ஆண்டின் உள்ளூர்ப் பங்களிப்புச் சட்டம். அதிகபட்சம் 4 ஆண்டு; அப்புறம் நாற்காலி நைஜீரியருக்கு. பதறாதீர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே; பூசாரி நீங்கள்தான். மூன்றாம் ஆண்டு முடிவில் 'துரப்பண மேற்பார்வையாளர்' பதவியை 'துரப்பண ஒருங்கிணைப்பு ஆலோசகர்' ஆக்குங்கள். அதே ஆள், அதே நாற்காலி, புதுப் பெயர். நாலு வருடக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

2. ஆள் எடுக்கும்போதே கதவைச் சாத்துங்கள். பயிற்சியில் சேரவே 'ஐந்தாண்டு கடல்மேடை அனுபவம்' வேண்டும் என்று விளம்பரம் கொடுங்கள். டெல்டாவின் ஓடைகளில் பத்து வயதிலிருந்து படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய பையன் வந்தால், "முத்திரை போட்ட சான்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்காது.

3. தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். போசியட் என்ற கடல்மேடைப் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் யாரும் கடல்மேடைக்கு ஹெலிகாப்டர் ஏற முடியாது. மாதிரி ஹெலிகாப்டர் அறையைக் குளத்தில் இறக்கிக் கவிழ்ப்பார்கள். மூச்சடக்கி, ஜன்னலைத் தட்டித் திறந்து வெளியே வர வேண்டும். எல்லோரையும் அனுப்புங்கள். ஆரஞ்சு உடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுங்கள். அப்புறம் ஹெலிகாப்டருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். "மேடையில் படுக்கை காலி இல்லை" என்று சொல்லுங்கள், எப்போதும் செல்லும். அந்தச் சான்றுக்கு ஆயுள் 4 ஆண்டு. காலாவதியானதும் மறுபடி குளத்துக்கு அனுப்புங்கள். அதுவும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

4. தேவை என்னவென்று விசாரிக்காதீர்கள். டெல்டாவின் ஆயுதக் குழுக்களுக்கு 2009இல் அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. ஆயுதத்தைக் கீழே வைத்த டெல்டா இளைஞர்களுக்கு மாதம் 65,000 நைரா. வெல்டிங்கும் முக்குளிப்பும் கற்க வெளிநாட்டுக்குக்கூட அனுப்பினார்கள். திரும்பி வந்த பலர் கையில் சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை. எந்த யார்டுக்கு, எந்த மாதம், எத்தனை பேர் என்ற கேள்வியில் இறங்கினால் இப்படிப்பட்ட பலன் கிடைக்காது. நீங்களும் இறங்காதீர்கள்.

5. கற்றுக்கொடுப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே ஒரு படி விடுங்கள். பட்டறையில் தட்டைத் தகட்டில் வெல்டிங் பழக்குங்கள். வேலைக்கான தேர்வில் 6ஜி கேளுங்கள்: 45 டிகிரி சாய்த்து அசையாமல் பூட்டிய குழாயைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். தோற்றவர்களின் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். கடைசியில் உதவும்.

6. வால்வைத் தொடவிடாதீர்கள். பழகுபவரின் வேலைப் பதிவேட்டில் அனுபவசாலி கையெழுத்திட்டால்தான் அவர் தேறியவர். அந்த அனுபவசாலி 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு. பழகுபவர் மேடைக்கு வரும் நாளில் அவர் விடுப்பில் கிளம்பும்படி அட்டவணை போடுங்கள்.

7. தலைகளை எண்ணாதீர்கள், மேன்-அவரை, அதாவது ஆள்-மணிக் கணக்கை, எண்ணுங்கள். ஒரே ஒருவரை இரண்டு வருடம் கருவித் தொழில்நுட்பராக வளர்த்தால் சுமார் 4,000 மேன்-அவர். ஆளும் தேறிவிடுவார், ஆபத்து. 200 பேரை ஐந்து நாள் தினம் எட்டு மணி நேரம் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினால் 8,000. சாப்பாடு நன்றாக இருக்கட்டும்.

யாராவது எகினா எண்ணெய்க் கப்பலைப் பேச்சில் இழுப்பார்கள். அதன் மேல்தளத்துக்கு ஆறு மாட்யூல்களை நைஜீரியாவிலேயே செய்தார்கள். கொரியாவிலிருந்து வந்த கப்பலில் லாகோஸ் யார்டில் அவற்றைப் பொருத்தினார்கள். 2018 டிசம்பர் இறுதியில் எண்ணெயும் வந்துவிட்டது. வேலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைப் பழக்கினால் இப்படித்தான் விபரீதமாக முடியும். "அது விதிவிலக்கு" என்று சொல்லி நகருங்கள். உங்கள் திட்டத்தில் அப்படி ஒரு குழு உருவாகிவிட்டால், கடைசி போல்ட் முறுக்கிய மறுநாளே கலைத்துவிடுங்கள்.

8. இவ்வளவுக்கும் தப்பி ஒருத்தி தேறிவிட்டாளா? நிறுவனச் சம்பளப் பட்டியலில் ஏற்றாதீர்கள். லேபர் கான்ட்ராக்டர் மூலம் மூன்று மாத ஒப்பந்தம் கொடுங்கள்; பக்கத்து நாற்காலி வெளிநாட்டவரின் சம்பளம் அவள் காதில் விழட்டும். அவளே கத்தாருக்கோ அபுதாபிக்கோ போய்விடுவாள். "பயிற்சி கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள்" என்று மேடைதோறும் புலம்புங்கள்.

இனி வெளிநாட்டவருக்கான அனுமதியை நீட்டிக்க விண்ணப்பியுங்கள். காரணம் என்ற இடத்தில் 'தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். தோற்ற வெல்டர்களின் பட்டியலை ஆதாரமாக இணையுங்கள். இத்தனை ஆயிரம் மேன்-அவர் பயிற்சி கொடுத்ததாக நீங்களே கையெழுத்திட்ட ஆண்டறிக்கை மட்டும் வேறு கோப்பில், வேறு அலுவலகத்துக்குப் போகட்டும்.