ஆண்கடலா, பெண்கடலா?

கேள்வி: பெயரிலேயே கிணற்றை வைத்திருக்கும் மல்லாங்கிணற்றில் உட்கார்ந்துகொண்டு கடற்கரை வீட்டைப் பற்றிப் பதில் சொல்ல உமக்கு என்ன தகுதி?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரியாபட்டி

பதில்: இருக்கிறது ஐயா. 1985 வரை நாமும் ராமேசுவரமும் ஒரே மாவட்டம். ராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தபோது கடல் முழுக்க மூத்தவர் பங்குக்குப் போய்விட்டது. நமக்குக் கரிசலும் கந்தகமும். பாகப்பிரிவினையில் விட்ட சொத்தை விசாரிக்கிறேன், தப்பா?

கேள்வி: அண்ணன் தம்பி நாலு பேரும் சேர்ந்து மூக்கையூர்ப் பக்கம் ஒரு லீவு வீடு கட்டலாமென்று இருக்கிறோம். கதவைத் திறந்தால் காலில் அலை பட வேண்டும்.
– அச்சகக்காரர், சிவகாசி

பதில்: அலைக்கு முன்னால் நோட்டீஸ் வந்து காலில் படும், அண்ணாச்சி. கடற்கரை ஒழுங்குமுறை விதி 1991-ல் வந்தது. 2011-லும் 2019-லும் புதுப்பித்தார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஊர்ப்புறக் கடற்கரையில், அலை ஏறும் எல்லைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீட்டுக்கு இடமில்லை. அதைத் தாண்டினாலும் 500 மீட்டர் வரை விதி விடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன், கடற்கரை மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புரோக்கர் சொல்லும் மீட்டர், அவர் வாயாலேயே அளந்தது.

சரி, விதிக்கு உட்பட்டே கட்டிவிட்டீர்கள் என்று வைப்போம். நம் ஊரில் பூட்டிப்போட்ட வீட்டில் தூசிதான் படியும், ஒரு விளக்குமாறு போதும். அங்கே உப்புக்காற்று கிரில்லைத் தின்னும், மின்விசிறியைத் தின்னும், கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியையும் தின்னும். நீங்கள் கொண்டுபோகும் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். சிவகாசிக்காரருக்கு இதைவிட அவமானம் உண்டா? நாலு குடும்பமும் மே மாதத்தில் ஒரே வாரத்தைக் கேட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும். மீதி 51 வாரமும் கடலைப் பார்ப்பது வாட்ச்மேன் குடும்பம். வீடு அவருடையது, தீர்வை மட்டும் உங்களுடையது.

கேள்வி: அப்படியானால் ஒரு தீவையே விலைக்கு வாங்கிவிட்டால்?
– அதே அச்சகக்காரரின் தம்பி

பதில்: தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே 21 தீவுகள். எல்லாம் 1986 முதல் தேசியப் பூங்கா. குடியிருப்பு கிடையாது, வனத்துறை அனுமதி இல்லாமல் கால்கூட வைக்க முடியாது. 21-லும் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்ததில் அலைக்கு அணை இல்லாமல் போயிற்று. வீடு கட்டியே தீவைக் கரைத்தாயிற்று. இப்போது தீவில் வீடு கட்டவா?

கேள்வி: தீபாவளி முடிந்ததும் பயராபீஸ் லீவு. எந்தப் பக்கக் கடலுக்குப் போகலாம்?
– போர்மேன், திருத்தங்கல்

பதில்: மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் ராமேசுவரத்தில் சொல்வார்கள். ஆனி, ஆடிக் காற்றில் ஆண்கடல் துள்ளும். பெண்கடல் நம் கண்மாய் மாதிரிக் கிடக்கும். வடகிழக்குப் பருவம் பிறந்தால் கதை மாறும், பெண்கடல் சீறும். (பெயர் வைத்தவர்கள் ஆண்கள்தான், சந்தேகமில்லை.) உங்கள் லீவு அந்த மாறும் நேரத்தில் வருகிறது. பாம்பனில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் பையை இறக்கி வையுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் அலை ஒரு ரயிலையே ஆட்களோடு கொண்டுபோனது. அந்த ஊர் திரும்ப எழவில்லை.

கேள்வி: மே மாதம் போய் ஒரு வாரம் வஞ்சிரமாகத் தின்று தீர்க்கத் திட்டம். சரிதானே?
– பருப்புக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில். நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் மீன். அதற்கு அவர்கள் சொல்வதுதான் விலை. அங்கே போய் வஞ்சிரம் என்று கேட்காதீர்கள், சீலா என்று கேளுங்கள். எதற்கும் கிளம்பும் முன் எண்ணெய்ப் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: போன தடவை என் மகள் கரையில் ஒரு பவளக்கல் பொறுக்கி ஷோகேஸில் வைத்திருக்கிறாள். தப்பில்லையே?
– இல்லத்தரசி, கல்குறிச்சி

பதில்: புலித்தோலை ஷோகேஸில் வைப்பீர்களா, தாயி? 2001 முதல் சட்டத்தில் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே அட்டவணை.

கேள்வி: எல்லாவற்றுக்கும் தடை சொன்னால் எங்கேதான் போவது?
– கல்லூரி மாணவர், அருப்புக்கோட்டை

பதில்: அரியமானில் சவுக்குத் தோப்பு நிழல். பிரப்பன்வலசையில் கடல்தாழைப் படுகை. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு. ராத்திரிக்கு வாடகை அறை. காலையில் சாவியைக் கொடுத்துவிட்டால் துரு அவர்கள் பாடு.

கேள்வி: உமக்கென்று கடற்கரை வீடு இல்லாத வயிற்றெரிச்சல்தானே இவ்வளவும்?
– பெயர் வேண்டாம், திருச்சுழி

பதில்: ஆமாம். உங்கள் ஊரைத் தொட்டு, கமுதி வழியாகப் போகும் குண்டாறு மூக்கையூர்ப் பக்கம்தான் கடலில் விழுகிறது. அதில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்று எழுதிக் கொடுங்கள். நானும் இரண்டு சென்ட் வாங்கிப் போடுகிறேன்.