பாடு தெரியாத பங்காளி

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம் மீனவர்களுக்குப் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இன்று எந்தக் குப்பம், எந்த இடத்தில் வலை கட்டும் என்பது முறைவைத்துத் தீர்ந்துவிடும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து சும்மா விடாது.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு பாடு உண்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே ஹார்ட் டிஸ்கில் பங்காளிகள். பாகம் பிரித்தாயிற்று, ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் முறை. ஆனால், விண்டோஸை மறுபடி நிறுவிப் பாருங்கள்! லினக்ஸின் ‘கிரப்’ துவக்கியை ஓரங்கட்டிவிட்டு, தம்பி என்று ஒருவன் இருந்ததே தெரியாததுபோல் எழுந்து நிற்கும். தட்டிக்கேட்க அங்கே பஞ்சாயத்தும் கிடையாது.

ஆகவே வாசகரே, நிறுவும்போது முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். இரண்டுக்கும் முன்னால் பேக்கப்.