கொடுக்க வராதே மருமகனே, கேட்க வா

மருமகனே, நீ வாட்ஸ்அப்ல அனுப்பினது வந்துச்சு. தை மாசம் அப்பாவோட அறுபதாம் கல்யாணத்தை ஜாம்ஜாம்னு நடத்தப் போறியாம். மூணாறுல மண்டபம், திருப்பூர்ல இருந்து சமையல் ஆளு, உங்கப்பன் மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இருபது அடி பிளக்ஸ், அப்புறம் ரெண்டு பேரையும் ஏசி வண்டியில ஏத்தித் திருக்கடையூருக்குப் பேக்கேஜ். பேஷ். பூப்பாறை ஏலக்காட்டுல களை எடுத்தே காலத்தை ஓட்டின கிழவன் நான், இதுல யோசனை சொல்ல எனக்கென்ன தகுதி இருக்கு? ஒரே ஒரு சந்தேகம்தான். உங்கப்பனுக்கு இப்ப மீசையே கிடையாது. நரைச்சதும் வழிச்செடுத்துட்டாரு. அது நடந்தும் வருசமாச்சு.

சரி, படத்தை மாத்திக்கலாம். தேதியையாவது சரியாப் பாரு. உங்கப்பனுக்கு மூணு பிறந்தநாள். ஆதார்ல ஜனவரி 1. எஸ்டேட் ஆபீசுல, பள்ளிக்கூட வாத்தியார் தன் வசதிக்குப் போட்ட மே மாசத் தேதி. உங்க அப்பத்தா சாகுற வரைக்கும் சொன்னது தை மாசம் ரோகிணி. அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பத்தா கணக்குதான் செல்லும். உங்கப்பன் பிறந்தது பராபவ வருசம், இங்கிலீசுக் கணக்குல 1967 ஆரம்பம். பேர் வச்ச அறுபது வருசமும் ஒரு சுத்து சுத்தி, 2026 சித்திரையோட அதே பராபவ திரும்பி வந்துருச்சு. வருசமே வீடு திரும்புது மருமகனே. திருப்பூர்ல இருந்து உடுமலை, சின்னாறு, மறையூர் வழியா மூணாறு வர்றதுக்கு அறுபது வருசம் ஆகாதுன்னு கேள்விப்பட்டேன். உனக்கு எந்த வழியோ, எனக்குத் தெரியலை.

உனக்கும் உங்கப்பனுக்கும் மனஸ்தாபம் எங்க ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியாதாக்கும். நீ பிளஸ் டூ முடிச்சதும் உங்கப்பன், "தோட்டத்துல பேர் பதிஞ்சுக்கடா"ன்னாரு. நீ, "கொளுந்துக் கூடை சுமக்கவா படிச்சேன்"னே. உனக்கு அது கூடை. அவருக்கு அது கூரை. எஸ்டேட் கொடுக்கிற லயத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. வீட்டுல ஒருத்தர் பேராவது ரிஜிஸ்டர்ல இருக்கிற வரைக்கும்தான் அது வீடு. ஓய்வு கொடுத்துட்டாச் சாவியைக் கொடுத்துட்டு இறங்க வேண்டியதுதான். மலையில பிறந்து மலையிலேயே தேய்ஞ்சவன் கீழ இறங்கி எங்க போவான்? அந்தப் பயத்தை வாய் திறந்து சொல்லத் தெரியாம, "உருப்பட மாட்டே"ன்னு சொல்லிட்டாரு. அப்பன்மார் பாஷையில அதுக்கு "எனக்குப் பயமா இருக்கு"ன்னு அர்த்தம்னு உனக்கு யாரும் சொல்லித் தரலை. நீ பையைத் தூக்கிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பிட்டே. இப்ப அவருக்கு ஓய்வு வந்தாச்சு, உங்கம்மா பேர்ல வீடு நிக்குது. அவ கையும் எத்தனை நாளைக்கு ஓடும்?

நீ கல்நெஞ்சக்காரன் இல்லை, அது எனக்குத் தெரியும். 2015 செப்டம்பர்ல போனசு கேட்டு மூணாறு ரோட்டுல பொம்பளைங்க உக்காந்தாங்களே, பெம்பிளை ஒருமைன்னு ஊரே பேசிச்சே, அந்தக் கூட்டத்துல என் தங்கச்சியும் முக்காட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. தொழிற்சங்கத் தலைவருங்களையே கிட்ட வராதேன்னு விரட்டிட்டுத் தாங்களே கேட்டு வாங்கினாங்க. நீ பனியன் கம்பெனியில டீவியைக் காட்டி, "அந்தா, எங்கம்மா"ன்னு கூட வேலை செய்றவங்ககிட்ட மார் தட்டினியாமே. உன் சேக்காளி சொன்னான். ஊர் பூராவும் சொன்னே, சரி. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மண்ணு சரிஞ்சு லயமே போச்சு. எழுபது உசுரு. கரண்டு இல்லை, டவர் இல்லை, எந்த லயம்னு வெளியூருக்குச் சேதியே வரலை. மறுநாள் நீ எனக்கு போன் அடிச்சு, "மாமா, எங்க லயமா மாமா?"ன்னு பச்சைப்பிள்ளை மாதிரி அழுதே. இல்லைடான்னு சொல்றதுக்குள்ள எனக்கே தொண்டை அடைச்சுருச்சு. உடனே வர்றேன்னே. கொரோனாக் காலம், எல்லையில பாஸ் இல்லாம ஆளை விடலை. சரி, விதி. ஆனா ஒண்ணு பாரு: பாஸ் கேட்டப்ப வரத் துடிச்சே, பாஸ் வேண்டாம்னு ஆனதும் உனக்கு ஆர்டர் வந்துருச்சு, டெலிவரி வந்துருச்சு, பிள்ளைக்குப் பரீட்சை வந்துருச்சு. நீதான் வரலை.

தள்ளிப் போடுறதுல பாலக்காட்டுப் பக்கம் உனக்கு வாத்தியாருங்க இருக்காங்க. கொழிஞ்சாம்பாறையில நமக்கு வேண்டிய வீடு ஒண்ணு. பாதிப் பேச்சு தமிழு, பாதி மலையாளம், பண்டிகைக்கு ரெண்டு பக்கத்துப் பலகாரமும் உண்டு. வீட்டுப் பெரியவருக்கு எண்பது ஆச்சு. நம்ம வழக்கப்படி எண்பது முடிஞ்சு சில மாசத்துல, ஆயிரம் பிறை கண்டவர்னு சதாபிஷேகம் பண்ணணும். மலையாள வழக்கத்துல அது எண்பத்துநாலுக்கு. நாலு மகனுங்களும் கூடிப் பேசி, "நாம கேரளத்துல இருக்கோம், இந்த ஊர் முறைப்படியே செய்வோம்"னு திடீர்னு மலையாளத்து மேல பாசம் பொங்கிட்டாங்க. செலவு நாலு வருசம் தள்ளிப் போச்சுல்ல? பெரியவருக்கு ரெண்டு மொழியும் தெரியும், ஆனா காத்திருக்கத் தெரியலை. எண்பத்திரண்டுல கிளம்பிட்டாரு. கருமாதிக்கு மட்டும் நாலு பேரும் டாண்ணு வந்து நின்னாங்க. அதுக்கு ரெண்டு வழக்கத்துலயும் தள்ளிப் போட வழியில்லை.

உங்கப்பனுக்கு நான் ஒரு வழி காட்டிக் கொடுத்தேன், கோவிச்சுக்காதே. 2007ல பெத்தவங்களைப் பராமரிக்கச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. தேவிகுளம் ஆர்.டி.ஓ. ஆபீசுல மனு கொடுத்தா, விசாரிச்சு, மாசம் பத்தாயிரம் ரூபா வரைக்கும் பிள்ளைங்க கொடுக்கணும்னு உத்தரவு போடுவாங்க. உங்கப்பனுக்கு பி.எஃப். பென்ஷன்னு வர்றது என்ன பெருந்தொகையா? குறைஞ்சது ஆயிரம்னு 2014ல ஒரு கோடு போட்டாங்க, அந்தக் கோட்டுப் பக்கத்துலதான் இவரும் நிக்கிறாரு. "போடுய்யா மாப்ளே மனுவை, பய ஓடி வருவான்"னேன். அவர் சொன்னாரு: "பணத்துக்கா மச்சான் நான் தவிக்கிறேன்? அவன்தான் மாசாமாசம் அம்மா கணக்குல போட்டு விடுறானே. என்கிட்ட ஒண்ணும் கேட்கிறதில்லை மச்சான். இத்தனை வருசத்துல ஒரு தரம்கூட எதுவும் கேட்கலை."

அங்கதான் நீ கோட்டை விட்டே மருமகனே. நீ கொடுத்துக்கிட்டே இருக்கே. கொடுக்கிறவன் நிமிர்ந்து நிப்பான், வாங்குறவன் குனிவான். உங்கப்பன் குனிஞ்சு கொளுந்து எடுத்த ஆளுதான், ஆனா உன் முன்னால குனியப் பழகலை. மண்டபமும் பட்டும் பேக்கேஜும் நீ கொண்டாந்து இறக்கினா, ஊரு கை தட்டும். அவர் ஓரமா உக்காந்து, "மகன் பெரிய ஆளாயிட்டான்"னு சொல்லிட்டு வெத்தலை போடுவாரு. அவ்வளவுதான் நடக்கும்.

திருக்கடையூர்க் கதைதான் உனக்குத் தெரியுமே. நூறு வருசம் இருக்கிற மூடப் பிள்ளை வேணுமா, பதினாறு வயசு வரைக்கும் இருக்கிற அறிவாளிப் பிள்ளை வேணுமான்னு சாமி கேட்டப்ப, மிருகண்டு முனிவர் அறிவாளியைக் கேட்டாரு. அப்புறம் மார்க்கண்டனுக்குப் பதினாறு நெருங்க நெருங்க அப்பன்தான் தவிச்சாரு. மகன் ஆயுசுக்கு அப்பன் கலங்கின தலத்துக்கு, அப்பன் ஆயுசுக்கு மகன் டிக்கெட் போடுறான். போடு, தப்பில்லை. ஆனா வண்டியில அவரை ஏத்தி விட்டுட்டு நீ திருப்பூருக்குத் திரும்பிடாதே. பக்கத்து சீட்டுல நீ உக்காரு.

இப்ப மாமன் சொல்றதைக் கேளு. ஒரு வாரம் முன்னாடியே வா. தனியா வராதே, பேரனைக் கூட்டிட்டு வா. வந்ததும் "எப்படிப்பா இருக்கீங்க"ன்னு ஆஸ்பத்திரி நர்சு மாதிரி விசாரிக்காதே. கேளு. இருநூறு ரூபா சில்லறை கேளு. அவரோட பழைய கம்பளிச் சட்டையைக் கேளு, மூணாறுத் தைக் குளிருக்கு உன் பனியன் தாங்காது. தேயிலைத்தூள் நல்லதா கெட்டதான்னு மூக்குல பார்த்துச் சொல்றாரே, அதைப் பேரனுக்குச் சொல்லித் தரச் சொல்லிக் கேளு. கடைசியா, ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம், "வீட்டுக்கு என்னப்பா பண்ணலாம்? அம்மாவுக்கும் ஓய்வு வந்தா எங்க இருக்க ஆசை? போடியிலயா, இங்கேயேவா, என்கூடவா?"ன்னு அவர் வாயாலேயே கேளு. நீயா ஒரு முடிவு பண்ணி, சாவியை ரிப்பன் கட்டிக் கொண்டாந்து நீட்டாதே.

அவருக்கும் நான் வகுப்பு எடுத்தாச்சு. மகன் வந்தா மூணு கேள்வி கேட்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்: சம்பளம் எவ்வளவு, ஏன் இப்படி இளைச்சே, எப்பக் கிளம்புறே. "அப்புறம் என்னதான் மச்சான் கேட்கிறது?"ன்னு பாவமாக் கேட்டாரு. "வாயை மூடிக்கிட்டு, அவன் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க மாப்ளே"ன்னேன். அப்பப்ப உங்கப்பனுக்கு வாய் தவறும். அந்த மூணுல ஒண்ணு வெளியே வந்துட்டா, நீ அந்தப் பழைய பிளஸ் டூப் பயலா மாறிடாதே.

இன்னொரு ரகசியம். நீ ஸ்டேட்டஸ் போட்டா முதல் ஆளாப் பார்க்கிற நம்பர் யாருதுன்னு தெரியாம முழிச்சிருப்பே. பக்கத்து லயத்துப் பையன் நம்பர். அவனுக்கு உன் ஸ்டேட்டஸ்ல என்ன வேலை? சாயந்தரம் ஆனா உங்கப்பன் அந்தத் திண்ணையில போய் உக்காந்து, "என்னடா போட்டிருக்கான்?"னு கேட்பாரு. இதை நான் சொன்னதாக் காட்டிக்காதே. கம்புதான் மிஞ்சும் எனக்கு.

கல்யாணத்தன்னைக்குக் காலையில அப்பா அம்மா தலைக்கு மேல சல்லடையைப் பிடிச்சுக் கலசத் தண்ணியைப் பிள்ளைங்கதான் முதல்ல ஊத்தணும். ஐஸ் மாதிரித் தண்ணி, அவர் உன்னைத் திட்டுவாரு. திட்டட்டும். பிறந்த வீட்டுச் சீர்னு தங்கச்சிக்குப் பட்டுப்புடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டியும் போடிச் சந்தையில நான் எடுத்தாச்சு, கடனுக்குத்தான். அதனால கல்யாணத்தை எண்பத்துநாலுக்குத் தள்ளலாம்னு மட்டும் யோசிக்காதே, கடைக்காரன் விடமாட்டான்.

மண்டபம் சின்னதா இருந்தாப் போதும், பிளக்ஸ் வேண்டவே வேண்டாம். கல்யாணத்துக்கு மறுநாள் ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கியாமே, அதை இன்னைக்கே ரத்து பண்ணு. விருந்துக்கு ஊரே வரும். பந்தல் பிரிச்ச மறுநாள் வீட்டுல நீ இருக்கணும்.