நிறுத்தாமல் நிறுத்தும் கலை

ஓய்வுகாலத் திட்டத்துக்குக் காசு கட்டுப்படியாகாவிட்டால் அமெரிக்கக் கம்பனி ஊழியருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்து, திட்டத்தைத் திருத்தும் அல்லது முடிக்கும். நம் இலங்கை மலையகத்தில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்று கைவிடச் சட்டத்தில் வழி கிடையாது. ஆகவே அரசாங்கத் தோட்டங்களை நடத்தும் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் திட்டத்தை நிறுத்தவில்லை. கட்டுவதை மட்டும் நிறுத்தின. சம்பளத் துண்டில் 8 வீதக் கழிவு ஒழுங்காக விழுந்தது.

பிந்திக் கட்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. அதாவது, இல்லாத காசுக்கு மேல் இன்னும் பாதி இல்லாத காசு! வழக்குப் போட வேண்டிய தொழில் திணைக்களமும் அரசாங்கம்தான்.

கொழுந்து ஒரு கிலோ குறைந்தாலும் செக்ரோல் பதிவேட்டில் கறாராக அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் தோட்ட ஆபீஸ், 50 வயதில் சேமலாபக் காசு கேட்டு வரும் பெண்ணிடம் மட்டும் தாராளம்:

"கொழும்புல இருந்து வரணும், பொறுங்கம்மா."

"கொழும்புக்கு எப்பங்கய்யா போச்சு, வர்றதுக்கு?"

பெரிய கிளாக்கர் இன்றைக்கு லீவாம்.