கோல் முதலில் எங்கே விழுகிறது? லோபாக் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கோல் வலைக்குள் விழுகிறது என்பது ஒரு மூடநம்பிக்கை. சிரம்பான் லோபாக்கில் அது மூன்று இடங்களில், மூன்று வெவ்வேறு நேரங்களில் விழுகிறது. இவற்றுள் எது மூலக்கோல், எது வழிக்கோல் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் என்று ஈண்டுச் சுட்டுவது, பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற என் நண்பரை. மறுதரப்பு, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு தாத்தா.

ஆய்வுக்களம் ஒரு மாமாக் கடையின் வெளிமேசை. கடைக்குள் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி ஓடும். நண்பர் கையில் புதுக் கைப்பேசி. சந்துக்கு அப்பால் முப்பது மீட்டர் தள்ளித் தாத்தாவின் பழைய வானொலி.

இனி, சான்றுகள். வானொலி அலை ஒளியின் வேகத்தில் வருவது. வழியில் அதற்கு வேறு வேலை இல்லை. வர்ணனையாளர் மூச்சு வாங்குவதற்குள் தாத்தா அலறிவிடுவார். அலறல் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். எங்கள் மேசைக்கு வந்துசேர விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தொலைக்காட்சிக் கோல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவே கால் விநாடி ஆகிறது. படத்தைச் சுருக்கி விரிப்பதில் இன்னும் சில விநாடி போகும். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் மழைத்துளிகள் அலையை விழுங்கிவிடும். கோல் வானத்திலேயே தங்கிவிடும். கைப்பேசிக் கோலோ துண்டுதுண்டாக நறுக்கப்பட்டு இணையம் வழியே வருகிறது. சில துண்டுகள் சேர்ந்த பிறகுதான் படம் ஓடும். அரை நிமிடம் பிந்துவது சாதாரணம்.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: கருவியின் விலை ஏற ஏறக் கோல் பிந்தும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தாமதம் எங்கள் மாநில அணியான நெகிரிக்குப் பழகியதுதானே? 1948இல் மலாயாக் கிண்ணத்தை வென்ற நெகிரி செம்பிலான், மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய அதே கிண்ணத்தை மறுபடி தூக்கியது 2009 நவம்பர் 7 அன்று, புக்கிட் ஜாலிலில் கிளந்தானை 3-1 என்று வென்றபோதுதான். ஆனால், அந்த 61 ஆண்டுத் தாமதத்துக்கு இணைய வேகத்தைக் குறை சொல்ல முடியாது. எனவே மறுப்பு தள்ளுபடி.

இரண்டாம் விதி உரையாடலில் பிறந்தது. தாத்தா அலறுகிறார். நான் உடனே, "இப்ப கோல் விழும். ஒரு தே தாரிக் பந்தயம்," என்கிறேன். நண்பர் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. "விழாதுடா. பந்து இன்னும் நடுத்திடல்லயே நிக்குது. தற்காப்பில நாலு பேரு இருக்கான். சாத்தியமே இல்ல."

"தாத்தா கத்திட்டாரே?"

"அவருக்குப் புள்ளிவிவரம் தெரியுமா?"

விழுந்து முடிந்த கோலை விழாது என்று நிறுவும் ஆற்றல் முதுகலைக்கு மட்டுமே உரியது என்பது இரண்டாம் விதி. இந்த விதியின் புண்ணியத்தில் எனக்குப் பல கோப்பைத் தே தாரிக் சித்தித்தது.

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றை மறைக்கலாகாது. 2018 உலகக் கிண்ணத்தில் முதன்முதலாக இடம்பெற்ற வீடியோ துணை நடுவர் முறை, என் வருமானத்தில் கை வைத்தது. ஒருநாள் வழக்கம்போலத் தாத்தா அலறினார், நான் பந்தயம் கட்டினேன், நண்பர் மறுத்தார். அரை நிமிடம் கழித்து அவர் திரையிலும் பந்து வலைக்குள் போனது. முகம் சுண்டி, பணப்பையை எடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சந்துக்கு அப்பாலிருந்து வந்தது தாத்தாவின் குரல்: "ஐயோ, ஆஃப்சைடாம்!"

நண்பர் பணப்பையை மடித்து உள்ளே வைத்தார். "நான்தான் சொன்னேன்ல, சாத்தியமே இல்லன்னு."

ஆய்வு முடிவு: ரத்தான கோலும் தாத்தா வீட்டில்தான் முதலில் ரத்தாகிறது. தன் கட்சிக்குச் சாதகம் என்றால் படித்தவருக்கும் அந்த வானொலி உடனே கேட்டுவிடுகிறது. அன்றைய தே தாரிக்குக்குக் காசு கொடுத்தவன் இந்த ஆய்வாளன்.