அப்பா ஓட்டிய பெர்ரி

கெடா மாநிலத்துப் பண்டார் பாருவில் கடல் கிடையாது. கிரியான் ஆறு இருக்கிறது. அதைத் தாண்டினால் பாரிட் புந்தார், பேராக் மாநிலம். இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் போனால் நிபோங் திபால், பினாங்கு மாநிலம். மூன்று மாநிலத்துக் காற்று வீசுகிற ஊரில் கடல் காற்று மட்டும் இல்லையே என்பது அம்மாவின் நெடுநாள் குறை. அதனால் பள்ளி விடுமுறை விட்டால் பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"அவசரமே இல்ல, ஆற அமரப் போவோம்" என்பார் அப்பா, விடிவதற்கு முன்பே எல்லாரையும் உலுக்கி எழுப்பியபடி.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே கடல் சுமார் 3 கிலோமீட்டர்தான். அதற்கு அம்மா கட்டும் மூட்டையில் புளிச்சோறு, நாசி லெமாக், கறிபாப், கோடாலித் தைலம், வாந்தி வந்தால் ஒரு பை, அந்தப் பை கிழிந்தால் இன்னொரு பை. பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றுவதற்குள் கொம்தார் கட்டடம் கிட்டே வந்து நிற்கும். கட்டிய சோறு கட்டியபடியே தீவில் இறங்கும்.

பாட்டி சிறுமியாக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, ஒரு வாரம் கடலில் கிடந்து பினாங்குக்கு வந்தவர். பெர்ரியில் இடம் பார்த்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "கப்பல் எப்பப்பா கெளம்பும்?" என்பார். "வந்தாச்சு பாட்டி, எறங்குங்க." யாரோ நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் அவருடைய தீர்மானம்.

மாமாவுக்கு இந்த மனக்கசப்பே கிடையாது. அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்தில் மட்டும்தான் கட்டணம் வாங்குவார்கள்: ஆளுக்கு 1 வெள்ளி 20 காசு, காருக்கு 7 வெள்ளி 70 காசு. தீவிலிருந்து திரும்ப இலவசம். "வர்றப்பதான் காத்து நல்லா அடிக்குது" என்பார் மாமா, ஒவ்வொரு முறையும்.

அப்பாவோ காற்றே வாங்கியதில்லை. 'பூலாவ் ரிமாவ்', 'பூலாவ் அங்சா' என்று தீவுப் பெயர் தாங்கிய அந்தப் பழைய பெர்ரிகளில் கார்களும் ஏறும். நாங்கள் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்க்க, அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, தீவை நேராகப் பார்த்தபடி காருக்குள்ளேயே இருப்பார். பெர்ரி லேசாக ஆடினால் அவரும் லேசாக ஒடிப்பார். கரை நெருங்கினால் கால் தானாக பிரேக்கைத் தேடும். பெர்ரிகள் இத்தனை காலம் எங்கும் மோதாமல் கரை சேர்ந்ததில் தமக்கும் பங்குண்டு என்ற நினைப்பு அவருக்கு.

2021 பிறந்ததும் கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். 1985இல் வந்த பாலம் இருக்கிறது, 2014இல் வந்த இரண்டாவது பாலம் எங்களுக்கு இன்னும் பக்கம். "பாலத்துல யாரு வேணும்னாலும் ஓட்டலாம்லா" என்று அப்பா இரண்டையும் ஒதுக்கிவிட்டார்.

2023 ஆகஸ்டில் புதிய பெர்ரிகள் வந்தன. 'தெலுக் பஹாங்', 'தெலுக் கும்பார்' என்று இப்போது விரிகுடாப் பெயர்கள். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும். பாரிட் புந்தாரில் கொமுட்டர் ரயில் பிடித்துப் போய் ஏறினோம். ஏர்கான், வரிசை நாற்காலி. பாட்டிக்குக் குளிர், அம்மாவுக்குத் தைலம் தேட ஒரு காரணம். அப்பா மட்டும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தீவு நெருங்க, அப்பா நாற்காலியை இடது பக்கம் ஒடித்தார். பெரியவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

"இப்ப கோஸ்தான் போடணும்லா," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். "இவன் என்ன யோசிச்சிக்கிட்டு இருக்கான்?"