கடிதம் எழுதுங்கள், காத்திருக்கிறார்கள்

லண்டன் கார்டியன் நாளிதழின் தரம் இறங்கிவிட்டதென்று பழைய வாசகர்கள் புலம்புகிறார்கள். நன்றிகெட்ட ஜனங்கள்! அச்சுப்பிழைக்குப் பேர்போன பத்திரிகை. ‘பிரைவேட் ஐ’ இதழ் அதன் பெயரையே ‘கிரானியாட்’ என்று புரட்டிப்போட்டுக் கேலி செய்தது. 1997 முதல் திருத்தங்களுக்கென்றே தனிப் பகுதி நடத்துகிறார்கள். வேறெந்தப் பகுதிக்கு இப்படித் தினமும் சரக்கு கிடைக்கும்? 2005-இல் தாளின் அளவு சுருங்கியது, 2018-இல் இன்னும் சுருங்கியது. பிழைக்கு இடம் குறைந்ததே, யாராவது பாராட்டினார்களா?

தகவல் புனிதமானது என்று 1921-இல் ஆசிரியர் சி.பி. ஸ்காட் எழுதினார். புனிதமானதைத் தினமும் வெளியே எடுக்கலாமா? பத்திரமாகப் பூட்டிவிட்டுக் கருத்தை மட்டும் பரிமாறுகிறார்கள். இணையத்தில் படிக்கக் கட்டணமில்லை. கட்டுரைக்கு அடியில் உண்டியல் உண்டு, அவ்வளவுதான்.

கண்டித்து வரும் கடிதங்களையும் பெருந்தன்மையோடு பிரசுரிக்கிறார்கள். பேப்பரில் உருப்படியாகப் படிக்க இருப்பவை அவைதான். ஆகவே வாசகர்களே, திட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்; பக்கம் காலியாகிவிடும்.